வெக்கையும் ஆலங்கட்டியும்: கொழும்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழும்புத் தமிழ் வீடுகளில் வட்ஸ்அப் அழைப்புகள் பாதிக்குப் பாதி வானிலையில்தான் தொடங்குகின்றன. "இங்க அவியுது" என்று வெள்ளவத்தையிலிருந்து பெரியம்மா சொல்வார். "இங்க ஐஸ் கட்டி விழுந்து கார் கண்ணாடி போச்சு" என்று கல்கரியிலிருந்து மகன் சொல்வான். ஒருவர் சொல்வது மற்றவருக்குப் பாதிதான் விளங்கும். அப்படிப் பேச்சுக்கு நடுவே வரும் கேள்விகளையும், அவற்றுக்கு எனக்குத் தெரிந்த விடைகளையும் இங்கே சேர்த்திருக்கிறேன்.

ஃபோனில் 32 பாகை என்றுதான் காட்டுகிறது. பிறகு ஏன் இந்த அவிச்சல்?

அந்த 32 காற்றின் சூடு மட்டும்தான். உங்கள் உடம்பு குளிர்வது வியர்வை ஆவியாகிப் போவதால். கொழும்புக் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால் வியர்வை ஆவியாக இடமில்லை. சட்டையை நனைத்துக்கொண்டு வழிகிறது. வழிந்து போகும் வியர்வையால் உடம்புக்குக் குளிர்ச்சி கிடைப்பதில்லை. தண்ணீரும் உப்பும் போனதுதான் மிச்சம்.

இந்த ஈரத்தையும் சேர்த்துக் கணக்குப் பார்ப்பதுதான் வெப்பச் சுட்டெண். வளிமண்டலவியல் திணைக்களம் வெயில் காலத்தில் மாவட்டவாரியாக எச்சரிக்கை விடுவது இதை வைத்துத்தான். 32 பாகை செல்சியஸும் 70 வீத ஈரப்பதனும் சேர்ந்தால் உடம்பு உணர்வது 40 பாகைக்கு மேல். பாலைவனப் பக்கத்தில் 40 பாகை வெயிலில் ஈரப்பதன் 20 வீதம்தான் என்றால் உடம்பு உணர்வது 39 அளவில். அதாவது அவர்களுடைய 40 எங்களுடைய 32ஐ விடச் சற்று இலேசு. "உங்களுக்கு 32 தானே" என்று சிரிக்கும் உறவினருக்கு இந்தக் கணக்கை அனுப்பிவையுங்கள்.

இன்னொன்று. சுட்டெண் நிழலில் நிற்பவருக்கான கணக்கு. நேர் வெயிலில் நின்றால் அதோடு இன்னும் 8 பாகை வரை கூடலாம். புறக்கோட்டையில் மூட்டை இழுக்கும் நாட்டாமிக்கும், வீதியில் நின்று பஸ்ஸை மறிக்கும் போக்குவரத்துப் பொலிஸ்காரருக்கும் செய்தியில் சொல்லும் எண் பொருந்தாது. அவர்கள் நிற்கும் தார் வீதியும் கீழிருந்து சூட்டைத் துப்பிக்கொண்டிருக்கும்.

கத்தரி வெயில் மேயில்தானே? இங்கே ஏன் அதற்கு முன்பே தாங்க முடியவில்லை?

கத்தரி வெயில் தமிழ்நாட்டுக் கணக்கு. நாட்காட்டி அங்கிருந்து வந்தாலும் சூரியன் எங்களுக்கு வேறு நேரம் வைத்திருக்கிறது. ஏப்ரல் 5ஆம் திகதி அளவில் தெற்கே தெய்வேந்திரமுனைக்கு நேர் மேலே வரும் சூரியன், நாளுக்கு நாள் வடக்கே ஏறி, 14, 15ஆம் திகதிகளில் யாழ்ப்பாணத்துக்கு மேலே நிற்கும். கொழும்புக்கு ஏறக்குறைய 7ஆம் திகதி. அன்றைக்கு நண்பகல் 12 மணி தாண்டிச் சில நிமிடத்தில் வெளியே வந்து பாருங்கள்: விளக்குக் கம்பத்துக்கு நிழல் இருக்காது, உங்கள் நிழல் உங்கள் செருப்புக்குள்ளேயே அடங்கியிருக்கும்.

அந்த நேரம் வடகீழ்ப் பருவக்காற்று ஓய்ந்துவிடும், தென்மேல் பருவக்காற்று இன்னும் தொடங்கியிராது. இரண்டுக்கும் இடைப்பட்ட காலத்தில் காற்றே அசையாது. எனவே கொழும்புக்கு மோசமான மாதங்கள் மார்ச்சும் ஏப்ரலும்தான். மே கடைசியில் தென்மேல் மழை பிடித்துவிட்டால் சென்னையில் வேகும்போது நாங்கள் குடை பிடித்துக்கொண்டிருப்போம். சூரியன் செப்டம்பர் தொடக்கத்தில் திரும்பவும் எங்கள் தலைக்கு மேலே வருகிறது. அப்போது காற்று இருப்பதால் யாரும் கவனிப்பதில்லை.

பாடசாலைகளில் இல்ல விளையாட்டுப் போட்டி வைக்கும் காலமும் இதே காலத்தை ஒட்டி வருவது பெரிய வில்லங்கம். கடும் வெயில் நாட்களில் பிள்ளைகளை மைதானத்தில் ஓட விட வேண்டாம் என்று கல்வி அமைச்சு அறிவுறுத்தியதுண்டு. பிள்ளையின் பாடசாலை அதைக் காதில் வாங்கவில்லை என்றால், அதிபரிடம் போய்க் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கடலுக்குப் பக்கத்தில் இருக்கிறோம். இரவில்கூட ஏன் காற்று இல்லை?

பகலில் நிலம் சூடாகும், அதன் மேல் காற்று எழும், அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து காற்று வரும். இரவில் இது தலைகீழாகும். நிலத்திலிருந்து கடலுக்குப் போகும், அதுவும் சோம்பலாக. பகல் காற்றாவது வரட்டும் என்றால், மரைன் டிரைவை ஒட்டி எழும்பிய தொடர்மாடிகள் முதல் வரிசையிலேயே அதைப் பிடித்துக்கொள்கின்றன. காலி வீதிக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கு மிஞ்சுவது பஸ் புகை.

கடல் தெரியும் வீடு என்று கூடுதல் விலை கொடுத்து வாங்குகிறோமே, அதைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கொழும்பில் கடல் மேற்கே இருக்கிறது. பிற்பகல் 2 மணியிலிருந்து பொழுது படும் வரை அந்தப் பெரிய கண்ணாடி வழியே வெயில் வீட்டுக்குள் நுழைந்து சோபாவில் உட்கார்ந்திருக்கும். கண்ணாடிக்கு உள்ளே திரை போட்டால் சூடு ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டது என்று அர்த்தம். வெளியே மறைப்புப் போடுவதுதான் பலன் தரும்: பல்கனியில் மூங்கில் தட்டி தொங்க விடலாம், வெயில் படும் பக்கம் செடி வைக்கலாம்.

கொங்கிரீட் தட்டுக்கு நேர் கீழே, கடைசி மாடியில் இருப்பவர்களுக்குச் சிக்கல் வேறு. பகல் முழுக்கக் குடித்த சூட்டைத் தட்டு இரவில் கீழே இறக்குகிறது. இரவு 10 மணிக்குக் கையை உயர்த்திச் சீலிங்கைத் தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கும். தட்டின் மேல் வெள்ளைப் பூச்சு அடிப்பது செலவு குறைந்த வழி. கொட்டாஞ்சேனை, மருதானைப் பக்கம் தகரமும் அஸ்பெஸ்டஸ் சீட்டும் போட்ட சிறு வீடுகளுக்கும் அதே மருந்துதான். சீட்டுக்குக் கீழே ஒரு சீலிங் அடித்தால் இன்னும் நல்லது.

இரவு வெக்கையை இலேசாக எடுக்கக்கூடாது. பகலில் பட்ட சூட்டிலிருந்து உடம்பு தேறுவது தூக்கத்தில்தான். இரவும் 27, 28 பாகையிலேயே நின்றால், இரண்டு மூன்று நாளில் வயோதிபர்களுக்கு அது சுமையாக ஏறத் தொடங்கும். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டினார்களே, அப்போது ஃபேன் இல்லாமல் மாடிப்படியில் பாய் விரித்துப் படுத்தவர்களிடம் கேளுங்கள்.

மட்டக்களப்பில் ஜூலையில் அடிக்கும் வெயில் கொழும்பு வெயில் மாதிரி இல்லையே?

இல்லை. கொழும்பில் மழை கொட்டும் அதே தென்மேல் காற்று மலையேறும்போது ஈரத்தை மேற்குச் சரிவில் இறக்கிவிடுகிறது. மலையைத் தாண்டிக் கிழக்கே இறங்கும்போது காற்று அமுங்கிச் சூடாகிறது, உலர்கிறது. அதுதான் கச்சான் காற்று. உதடு வெடிக்கும், காயப்போட்ட துணி அரை மணித்தியாலத்தில் மொறமொறக்கும். வேர்ப்பது தெரியாமலே உடம்பில் தண்ணீர் குறைவது அங்கேதான். ஒரே நாடு, ஒரே காற்று, மலைக்கு இந்தப் பக்கம் புழுக்கமும் அந்தப் பக்கம் வறட்டு வெக்கையும்.

டுபாயிலும் கட்டாரிலும் 45இல் வேலை செய்கிறார்கள். அவர்களால் எப்படி முடிகிறது?

பழக்கத்தால் ஓரளவு முடிகிறது. புதிய வெயிலுக்கு உடம்பு பழக ஒன்று முதல் இரண்டு கிழமை எடுக்கும்: வியர்வை முந்தி வரும், அதில் உப்புக் குறையும், இதயத்தின் சுமை குறையும். புதிதாகப் போனவர் முதல் நாளே முழு நேர வேலையில் இறங்குவதுதான் ஆபத்து. ஊருக்கு விடுமுறையில் வந்து ஒரு மாதம் நின்றுவிட்டுத் திரும்பிப் போனாலும் பழக்கம் விட்டுப் போயிருக்கும், திரும்பவும் முதலிலிருந்து பழக வேண்டும்.

சட்டமும் இருக்கிறது. ஐக்கிய அரபு அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12.30 முதல் 3 மணி வரை வெட்டவெளி வேலைக்குத் தடை. கட்டாரில் ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரை காலை 10 முதல் பிற்பகல் 3.30 வரை. வேலைக்குப் போகும் தம்பிமார் இந்த நேரங்களை எழுதிக் கையில் வைத்திருக்க வேண்டும்.

வளைகுடாக் கரையோரத்தில் வெப்பமும் உண்டு, கடலின் ஈரமும் உண்டு. "அரபு நாடு, காய்ந்த வெயில்" என்று நினைத்துப் போனால் ஆகஸ்ட் இரவில் தெரியும். மக்கா உள்நாட்டுப் பக்கம்; அங்கே 2024 ஜூனில் ஹஜ் நேரம் வெப்பம் 51 பாகையைத் தாண்டியது. 1,300க்கு மேற்பட்டவர்கள் இறந்ததாகச் சவூதி அரசு அறிவித்தது. பலர் முறையான அனுமதி இல்லாமல், நிழலும் தங்குமிடமும் இன்றி நீண்ட தூரம் நடந்தவர்கள்.

லண்டனில் 35 என்றால் அலறுகிறார்களே. நாங்கள் வெயிலிலேயே பிறந்தவர்கள். எங்களுக்கு அது தூசு அல்லவா?

இந்தப் பக்கத்தை எழுதத் தொடங்கியதே இந்தக் கேள்விக்காகத்தான். இதுவரை கேட்டவர்கள் எல்லோரும் இதைக் கேள்வியாகக் கேட்கவில்லை, முடிவாகத்தான் சொன்னார்கள்.

முதலாவது, பிறந்த ஊர் உடம்புக்குக் காவல் இல்லை. போன மாதம் எங்கே இருந்தீர்கள் என்பதுதான் கணக்கு. இருபது வருடமாக ரொறன்ரோவில் இருக்கும் சித்தப்பாவின் உடம்பு ரொறன்ரோ உடம்புதான்.

இரண்டாவது, வீடு. அங்கே வீடு கட்டுவது சூட்டை உள்ளே பிடித்து வைக்க. தடித்த சுவர், பஞ்சு அடைத்த கூரை, சிறிய யன்னல், சீலிங் ஃபேன் இல்லை. ஜூன் கடைசியில் லண்டனில் பொழுது படவே இரவு 9.20 ஆகும். மேல்மாடிப் படுக்கையறை நள்ளிரவிலும் வெதுப்பகம் மாதிரி இருக்கும். எங்கள் வீட்டில் 32இல் ஃபேனுக்குக் கீழே கிடப்பதும், அந்த அறையில் 35இல் கிடப்பதும் ஒன்றல்ல.

2003 ஆகஸ்டில் பிரான்ஸில் ஏறக்குறைய 15,000 பேர் வெப்பத்தால் இறந்தார்கள், பெரும்பாலும் முதியவர்கள். 2021 ஜூன் 29இல் கனடாவின் லிட்டன் கிராமத்தில் 49.6 பாகை பதிவானது. மறுநாள் அந்தக் கிராமத்தின் பெரும் பகுதி தீயில் போனது. பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் மட்டும் அந்த வெப்ப அலையில் இறந்தவர்கள் 619 பேர். மிகப் பெரும்பாலானோர் இறந்தது வீட்டுக்குள். தனியாக வாழ்ந்தவர்கள், வயதானவர்கள், ஏசி இல்லாதவர்கள். 2022 ஜூலை 19இல் இங்கிலாந்தின் கொனிங்ஸ்பியில் 40.3 பாகை, அந்த நாட்டில் 40ஐத் தாண்டியது அதுவே முதல் தடவை.

எனவே வெளிநாட்டில் தனியாக இருக்கும் அம்மம்மாவுக்கு வெப்ப அலை நேரம் காலையும் மாலையும் எடுத்துப் பேசுங்கள். "வெயில் எனக்குப் பழக்கம் பிள்ளை" என்று அவர் சொன்னால் நம்ப வேண்டாம். குரல் தளர்ந்திருக்கிறதா, சொன்னதையே சொல்கிறாரா என்று கவனியுங்கள்.

ஃபேன் போதுமா, ஏசி வேண்டுமா?

கொழும்பில் 32, 33இல் ஃபேன் நன்றாக வேலை செய்யும். தோலின் சூடு ஏறக்குறைய 35 பாகை. காற்று அதை விடக் குளிராக இருக்கும் வரை ஃபேன் சூட்டை எடுத்துப் போகும். 40க்கு மேல் போனால் ஃபேன் சூட்டை உடம்பில் ஊதத் தொடங்கும். அதனால் 40க்கு மேல் ஃபேனை நம்ப வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

ஏசியை 18இல் வைத்துப் போர்வை போர்த்துவது எங்கள் ஆட்களின் ஒரு தனிச் சுகம். 27இல் வைத்து ஃபேனையும் போட்டால் அறை இன்னும் 4 பாகை குறைந்த மாதிரி இருக்கும், கரண்ட் பில்லும் தலையைச் சுற்றாது.

என்ன குடிக்கலாம்?

தண்ணீர். தாகம் வரும் வரை காத்திராமல் குடியுங்கள். நிறைய வேர்த்தால் உப்பும் சேர வேண்டும்: மோர், உப்புப் போட்ட தேசிக்காய்த் தண்ணீர், பழஞ்சோற்றுத் தண்ணீர், செவ்விளநீர். வயிற்றோட்டமும் சேர்ந்தால் ஜீவனி என்ற உப்புச்சீனிக் கரைசல் தூள். பைக்கற்றில் சொன்ன அளவு தண்ணீரில் கரையுங்கள், கண்ணளவு வேண்டாம். சிறுநீரக நோய், இதய நோய் உள்ளவர்கள், தண்ணீர் போகும் மாத்திரை எடுப்பவர்கள் வெயில் காலம் தொடங்கும்போதே வைத்தியரிடம் அளவு கேட்டுவைப்பது நல்லது. இளநீரில் பொற்றாசியம் அதிகம். சிறுநீரக நோயாளிக்கு அது எல்லா நேரமும் நல்லதல்ல.

வெயிலில் ஒருவர் மயங்கி விழுந்தால்?

தலைச்சுற்று, தசைப்பிடிப்பு, குமட்டல், ஆனால் பேச்சுத் தெளிவு என்றால் நிழலில் படுக்க வைத்து, காலை உயர்த்தி, தண்ணீர் கொடுத்துப் பாருங்கள். அரை மணித்தியாலத்தில் தேற வேண்டும்.

பேச்சுக் குழறினால், ஆளை அடையாளம் தெரியாவிட்டால், வலிப்பு வந்தால் அது ஹீட் ஸ்ட்ரோக். உடம்பின் உள்ளே வெப்பம் 40 பாகையை எட்டியிருக்கும். உடனே 1990க்கு அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசம். அது வரும் வரை சும்மா நிற்க வேண்டாம்: மேல் துணியைக் கழற்றி உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் ஐஸ் வையுங்கள். மீன் கடை ஐஸ் என்றாலும் சரி. நினைவு தப்பியவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், புரைக்கேறும். பனடோல் இதற்குக் கேட்காது. இது காய்ச்சல் இல்லை.

இந்த வெயிலில் ஐஸ் எப்படி விழும்? ஆலங்கட்டி குளிர்காலத்தில் அல்லவா வர வேண்டும்?

வெயில்தான் ஆலங்கட்டிக்குத் தாய். சூடான ஈரக்காற்று வேகமாக மேலே ஏறி இடிமேகமாகத் திரள்கிறது. உயரே, உறைநிலைக்குக் கீழே போயும் உறையாமல் தண்ணீராகவே இருக்கும் துளிகள் உண்டு. அவை ஒரு சிறு பனித்துணுக்கில் மோதியதும் அதோடு ஒட்டி உறைகின்றன. கீழிருந்து ஏறும் காற்று அந்தத் துணுக்கைத் தாங்கிப் பிடித்திருக்கும் வரை அது பருத்துக்கொண்டே போகும். காற்றால் தாங்க முடியாத பாரம் ஆனதும் விழும். அதனால்தான் பெரிய கட்டிகள் விழுவது கடும் வெயில் அடித்த நாளின் பிற்பகலில். குளிர்காலக் காற்றுக்கு அந்தத் தூக்கும் பலம் கிடையாது.

கட்டி ஒன்றை இரண்டாகப் பிளந்தால் உள்ளே வெள்ளை வளையமும் கண்ணாடி வளையமும் மாறி மாறித் தெரியும். துளிகள் பட்டவுடன் உறைந்த இடத்தில் காற்றுக் குமிழ் சிக்கி வெள்ளையாகும். மெதுவாக உறைந்த இடத்தில் குமிழ் வெளியேறித் தெளிவாகும்.

அப்படியென்றால் கொழும்பில்தானே அதிகம் விழ வேண்டும்? இங்கே இடிமழைக்குக் குறைவில்லையே?

நியாயமான கேள்வி. ஏப்ரல் பிற்பகலில் கொழும்புக்கு மேலே உயரத்தில் பனிக்கட்டி உண்டாகத்தான் செய்கிறது. ஆனால் எங்கள் வானத்தில் உறைநிலை தொடங்குவது ஏறக்குறைய 5 கிலோமீற்றர் உயரத்தில். அங்கிருந்து விழும் சிறு கட்டி 5 கிலோமீற்றர் வெதுவெதுப்பான காற்றுக்குள்ளே வர வேண்டும். வரும் வழியிலேயே உருகிவிடும்.

மூன்று மணி வாக்கில் கிழக்கே, அவிசாவளைப் பக்கம் வானம் கறுக்கும். அதுவரை கடலிலிருந்து வந்த காற்று சட்டென்று திரும்பி நிலத்திலிருந்து அடிக்கும், அதுவும் குளிராக. பல்கனித் துணி எதிர்ப்பக்கம் பறக்கும். பிறகு தகரத்தில் சல்லிக்கல் எறிந்த மாதிரிப் பெரிய பெரிய துளிகள், தோலில் பட்டால் சில்லென்று இருக்கும். அந்தத் துளிகளில் பல, மேலே இருந்தபோது பனிக்கட்டியாக இருந்தவைதான்.

இன்னொரு காரணமும் உண்டு. பெரிய கட்டி வளர மேகம் நீண்ட நேரம் உயிரோடு நிற்க வேண்டும். உயரத்துக்கு உயரம் காற்றின் வேகமும் திசையும் நன்றாக மாறினால் மேகம் சாய்ந்து, மழை ஒரு பக்கமும் ஏறும் காற்று இன்னொரு பக்கமுமாகப் பிரிந்து, மணிக்கணக்கில் நிற்கும். எங்களுக்கு மேலே அந்த மாற்றம் குறைவு. மேகம் தன் மழையாலேயே தன் மூச்சை அடைத்துக்கொண்டு ஒரு மணித்தியாலத்தில் முடிந்துவிடும். ஆனால் மின்னல் எங்களுக்குக் குறைவில்லை. கொழும்பில் பிற்பகல் இடிமழையில் பயப்பட வேண்டியது அதற்குத்தான்.

நுவரெலியாவில் ஸ்னோ விழுந்தது என்று வீடியோ வந்ததே?

அது ஆலங்கட்டி. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,870 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. கட்டி விழ வேண்டிய தூரம் அங்கே 3 கிலோமீற்றர் அளவுதான், முழுதாக உருகுமுன் தரையைத் தொட்டுவிடும். வெலிமடைப் பக்கமும் அப்படித்தான். சனவரி, பெப்ரவரி விடியற்காலையில் புல்லில் வெள்ளையாகப் படிவது வேறு, அது உறைபனி. தரையிலேயே உண்டாவது, வானத்திலிருந்து விழுவதல்ல.

படம் எடுப்பவர்களுக்கு இது விளையாட்டு, தோட்டக்காரருக்கு இல்லை. லீக்ஸ், கோவா, சலாது இலைகள் கிழிந்து போகும், கிழிந்த இடத்தில் அழுகல் நுழையும். தேயிலையில் பறிக்க இருந்த கொழுந்து உதிரும், பறித்த கிலோவுக்குக் கூலி பார்ப்பவருக்கு அன்றைய நாள் போச்சு. எங்களுக்கு அது பேலியகொடை மெனிங் சந்தை விலையில் தெரியவரும். உலகில் ஆலங்கட்டி அடிக்கடி விழும் இடங்களில் ஒன்று கென்யாவின் கெரிச்சோ. அதுவும் நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் உள்ள தேயிலை மலைதான்.

ஆலங்கட்டி ஆளைக் கொல்லுமா?

கொன்றிருக்கிறது. 1888 ஏப்ரல் 30இல் இந்தியாவின் மொராதாபாத் பக்கத்தில் 246 பேர் இறந்தார்கள். ஆலங்கட்டியால் நேர்ந்த உயிரிழப்பில் அதுவே பதிவான உச்சம். 1986 ஏப்ரல் 14இல் வங்காளதேசத்தின் கோபால்கஞ்சில் விழுந்தவற்றில் ஒரு கட்டியின் எடை 1.02 கிலோ, 92 பேர் இறந்தார்கள். இரண்டும் ஏப்ரலில் என்பதைக் கவனியுங்கள், அந்தப் பக்கத்து வெயில் ஏறும் காலம். ஒதுங்க உறுதியான கூரை இல்லாத ஏழைகளுக்குத்தான் இது உயிராபத்து. பணக்கார நாடுகளில் பெரும்பாலும் கூரையும் காரும் போகும்.

வெப்ப அலையும் ஆலங்கட்டியும் ஒரே ஊரில் அடுத்தடுத்து வருமா?

கன்பராவைப் பாருங்கள். 2020 சனவரி 4இல் அங்கே 44 பாகை, சுற்றிலும் காட்டுத்தீப் புகை. அதே மாதம் 20ஆம் திகதி ஆலங்கட்டி விழுந்து ஆயிரக்கணக்கான கார்களின் கண்ணாடி நொறுங்கியது, ஆராய்ச்சிப் பண்ணைகளின் கண்ணாடிக் கூடங்கள் ஓட்டை ஓட்டையாகின.

பிள்ளைகள் கல்கரியிலும் சிட்னியிலும் இருக்கிறார்கள். என்ன சொல்லி வைக்கலாம்?

சிட்னியில் 1999 ஏப்ரல் 14 மாலை விழுந்த கட்டிகளால் காப்புறுதி நிறுவனங்கள் 170 கோடி அவுஸ்திரேலிய டொலர் கொடுக்க வேண்டி வந்தது. கல்கரியில் 2020 ஜூன் 13இல் அடி வாங்கியது, எங்கள் ஆசிய ஆட்கள் நிறையப்பேர் வாழும் வடகிழக்குப் பகுதி. இழப்பு 100 கோடி கனடிய டொலருக்கு மேல். 2024 ஆகஸ்ட் 5இல் அதே நகரில் அதை விடப் பெரிய இழப்பு, விமான நிலையக் கூரைகூடத் தப்பவில்லை. எனவே கார் காப்புறுதியில் ஆலங்கட்டி அடங்குமா என்று புதுப்பிக்கும்போதே கேட்கச் சொல்லுங்கள். மூன்றாம் தரப்புக் காப்புறுதி இதற்கு உதவாது.

ஓடிக்கொண்டிருக்கும்போது பிடித்துக்கொண்டால், பாதுகாப்பாக ஓரம் கட்டி, காருக்குள்ளேயே இருக்க வேண்டும். முன் கண்ணாடி இரண்டு தட்டு ஒட்டியது, விரிசல் விட்டாலும் எளிதில் உதிராது. பக்கக் கண்ணாடி பொடிப்பொடியாகும். அதனால் பக்கக் கண்ணாடிக்கு முதுகைக் காட்டி, ஜக்கெற்றையோ துவாயையோ தலையில் போட்டுக்கொள்வது நல்லது. நெடுஞ்சாலைப் பாலத்துக்குக் கீழே நடுவீதியில் காரை நிறுத்துவது பெரிய மடத்தனம். பின்னால் வருபவர் வழுக்கிக்கொண்டு வந்து மோதுவார். வெளியே நடந்து போகிறவர் மரத்தடியில் ஒதுங்கக் கூடாது, மின்னலும் சேர்ந்தே வரும். 5 சென்ரிமீற்றர் கட்டி மணிக்கு 70 கிலோமீற்றருக்கு மேல் வேகத்தில் இறங்கும், காரை மூடப் போர்வையோடு வெளியே ஓடுகிறவரின் தலைக்கும் அதே வேகம்தான்.

பீரங்கி வெடித்து ஆலங்கட்டியைக் கலைக்கிறார்களாமே?

ஐரோப்பாவில் திராட்சைத் தோட்டக்காரர்கள் நூறு வருடத்துக்கு மேலாக வெடிக்கிறார்கள். பலன் தரும் என்பதற்கு ஆதாரம் இல்லை, அயலவரின் தூக்கம் போவதற்கு உண்டு.

பூமி சூடாவதால் இரண்டுமே கூடுமா?

வெப்ப அலை கூடும் என்பதில் சந்தேகம் இல்லை, ஏற்கெனவே கூடிவிட்டது. ஆலங்கட்டி விஷயம் சிக்கலானது. காற்று ஒரு பாகை சூடாகினால் ஏறக்குறைய 7 வீதம் கூடுதல் நீராவியைப் பிடித்து வைக்கும். இடிமேகத்துக்கு அது தீனி. அதே வேளை உறைநிலை இன்னும் உயரே போகும், சிறு கட்டிகள் வழியிலேயே உருகும். எனவே ஆராய்ச்சியாளர்கள் பொதுவாக எதிர்பார்ப்பது: சிறு கட்டி குறையும், விழுந்தால் பெரிய கட்டியாக விழும்.

விழுந்த கட்டியைத் தின்னலாமா? எடுத்து வைக்கலாமா?

தின்ன வேண்டாம். வானத்துத் தூசியும் கிருமியும் உள்ளே இருக்கும், தரையில் உருண்டதன் அழுக்கு வெளியே இருக்கும். நுவரெலியாப் பக்கம் போகிறபோது உங்களுக்கு அகப்பட்டால், முதலில் பக்கத்தில் ஒரு நாணயத்தை வைத்துப் படம் எடுங்கள். நேரத்தையும் இடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பொலித்தீன் பையில் இறுகக் கட்டி ஃபிரீசரில் வையுங்கள், திறந்து வைத்தால் மெதுவாகச் சுருங்கிவிடும். அமெரிக்காவின் விவியன் என்ற சிற்றூரில் 2010 ஜூலை 23இல் விழுந்த கட்டிதான் அந்த நாட்டில் பதிவானவற்றில் மிகப் பெரியது: விட்டம் 20 சென்ரிமீற்றர், எடை ஏறக்குறைய 880 கிராம். அதே புயலில் கரண்ட் போய், ஃபிரீசரில் இருந்தபடியே கொஞ்சம் உருகிய பிறகு எடுத்த அளவு அது.